ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டது, வீட்டு மின்சாரத்துக்கு நேரம் குறிப்பது எப்படி?

வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் (எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று தானே பதியும் மீட்டர்) வைத்துவிட்டார்கள், இனி நேரத்துக்கு ஒரு கட்டணம் என்று அறிவிப்பும் வந்துவிட்டது, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறைய பேர் முதலில் செய்வது நான்கு ஸ்மார்ட் பிளக் (குறித்த நேரத்தில் தானாகப் போட்டு நிறுத்தும் பிளக்) வாங்கி டிவிக்கும் மேசை விளக்குக்கும் மாட்டுவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பில்லில் வித்தியாசமே தெரியவில்லை, ஏனென்றால் டிவியும் விளக்கும் எடுக்கும் மின்சாரம் அவ்வளவு கொஞ்சம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு பெரிய சாதனத்துக்கும் நேராக ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன்: இந்த வேலை எத்தனை மணிக்குள் முடிந்திருக்க வேண்டும்? அதாவது, இதற்கு என்ன கெடு?

நாம் பழகியிருப்பது தொடங்கும் நேரத்துக்கு. வேலையிலிருந்து வந்ததும் காரைச் சார்ஜில் போடுவோம், சாப்பிட்டதும் பாத்திரம் கழுவும் மெஷினைப் போடுவோம். ஆனால் காருக்குக் காலை ஏழு மணிவரை வேலையே இல்லை. அந்தப் பாத்திரங்கள் அடுத்த நாள்வரை தேவையே இல்லை. தொடங்கும் நேரத்தை மறந்துவிட்டுக் கெடுவை மட்டும் எழுதினால், எதை நகர்த்தலாம், எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்பது தாளிலேயே தெரிந்துவிடும். இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

எதற்கு இந்த நேரக் கணக்கு?

பேட்டரி, நீரேற்று மின்நிலையம் போன்ற சில வழிகளைத் தவிர்த்தால், மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவை அந்தந்த நொடியே உற்பத்தி செய்தாக வேண்டும். இரண்டுக்கும் இடையில் இடைவெளி விழுந்தால், நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் ஏறும் அல்லது இறங்கும், ரொம்பவே இறங்கிவிட்டால் பகுதி பகுதியாக இணைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும். 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் ஆடிய ஆட்டம் முடிந்ததும், டிவி முன்னால் இருந்த பிரிட்டன் மக்கள் எழுந்து போய்க் கெட்டிலைப் போட, மின்தேவை திடீரென்று 2,800 மெகாவாட் எகிறியது. கெட்டில் ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில். இப்படிச் சில மணி நேரத் தேவைக்காகவே தயாராக வைத்திருக்கும் மின்நிலையங்களில் உற்பத்திச் செலவு அதிகம், பெரும்பாலும் எரிவாயுவோ டீசலோ எரிப்பவை. உச்ச நேரக் கட்டணம் கூடுதலாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

சோலார் பெருகிய இடங்களில் கதை இன்னும் கொஞ்சம் மாறியிருக்கிறது. நண்பகலில் மின்சாரம் கொட்டிக் கிடக்கும், சூரியன் இறங்கும் நேரத்தில் எல்லோரும் வீடு திரும்பி எல்லாவற்றையும் போட, மற்ற மின்நிலையங்கள் மூச்சுவாங்க ஏற வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவின் மின்கட்டமைப்பை நடத்தும் அமைப்பு 2013-இல் இதை வரைபடமாகக் காட்டியபோது, வயிறு தொங்கி கழுத்து நிமிர்ந்த வாத்து மாதிரி இருந்ததால் அதற்கு 'வாத்து வளைவு' என்றே பெயர் ஆகிவிட்டது. உங்கள் வீட்டுச் செலவில் கொஞ்சத்தை அந்தக் கழுத்திலிருந்து எடுத்து வயிற்றிலோ விலை குறைந்த இரவு நேரத்திலோ வைப்பதுதான் நாம் செய்யப் போவது.

முதல் வேலை: கட்டணத் தாளைப் படியுங்கள்

இதைச் செய்யாமல் வேறு எதையும் செய்ய வேண்டாம். உங்கள் கட்டணம் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

மொத்த யூனிட் கூடக் கூட விலை கூடும் அடுக்குக் கட்டணம் மட்டும் இருக்கிறது, நேரத்துக்கு வித்தியாசம் இல்லை என்றால், இரவுக்கு மாற்றினாலும் பகலுக்கு மாற்றினாலும் பில் ஒரு பைசா குறையாது. அங்கே குறைவாகச் செலவழிப்பது ஒன்றே வழி. ஸ்மார்ட் மீட்டர் இருப்பதாலேயே நேரக் கட்டணம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நள்ளிரவில் துணி துவைத்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து தாளைப் பாருங்கள்.

நாளை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான விலை வைப்பது அடுத்த வகை. பிரிட்டனில் 1978-லேயே இரவில் ஏழு மணி நேரம் மலிவு என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள், இரவில் கனமான கற்களைச் சூடாக்கி வைத்துப் பகலில் அந்தச் சூட்டில் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளும் ஹீட்டர்களுக்கு அது தோதாக இருந்தது. புதியவர்களுக்கு இந்த வகைதான் சுலபம், ஒருமுறை நேரம் குறித்தால் மாதக்கணக்கில் மாற்ற வேண்டியதில்லை.

மணிக்கு மணி, சில இடங்களில் அரைமணிக்கு ஒரு முறை சந்தை விலையோடு சேர்ந்து மாறும் கட்டணமும் உண்டு. காற்றும் வெயிலும் நிறைந்த நாட்களில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போவதுகூட நடக்கிறது. ஆனால் அது எதிர்ப்பக்கமும் போகும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடும் குளிரில் மின்நிலையங்கள் முடங்கியபோது மொத்த விற்பனை விலை சட்டம் அனுமதித்த உச்சவரம்பில் நாட்கணக்கில் நின்றது, சந்தை விலையையே நேரடியாகச் செலுத்தும் திட்டத்தில் இருந்த வீடுகளுக்கு வந்த பில்கள் குடும்பங்களை நடுங்க வைத்தன. தானாக விலை பார்த்து நிறுத்தும் கருவிகள் இல்லாமல் இந்த வகைக்குப் போகாதீர்கள் என்பது என் கருத்து.

இன்னொன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: உச்சத் தேவைக் கட்டணம். மாதத்தில் எந்தப் பதினைந்து அல்லது முப்பது நிமிடத்தில் உங்கள் வீடு அதிகம் இழுத்ததோ, அதை வைத்து ஒரு தொகை போடுவார்கள். சராசரிதான் கணக்கு, அதனால் 2 கிலோவாட் கெட்டில் மூன்று நிமிடம் ஓடினால் அரைமணிக் கணக்கில் அது வெறும் 0.2 கிலோவாட். பயப்பட வேண்டியது ஹீட்டர், ஏசி, கார் மூன்றும் ஒரே அரைமணியில் மாட்டிக்கொள்வதற்கு.

இரண்டாவது: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

ஸ்மார்ட் மீட்டர்கள் பொதுவாகப் பதினைந்து அல்லது முப்பது நிமிடத்துக்கு ஒரு பதிவு எடுக்கும், அதாவது ஒரு நாளைக்கு 96 அல்லது 48 எண்கள். மின்நிறுவனத்தின் ஆப்பிலோ இணையதளத்திலோ இது வரைபடமாகக் கிடைக்கும். ஒரு வாரம் வழக்கம்போல இருந்துவிட்டு அதைப் பாருங்கள்.

முதலில் விடியற்காலை இரண்டிலிருந்து நான்கு மணிவரை. எல்லோரும் தூங்கும் நேரத்தில் மீட்டர் என்ன காட்டுகிறது? அரைமணிக்கு 0.1 யூனிட் என்றால் தொடர்ந்து 200 வாட் ஓடுகிறது என்று பொருள், நாள் முழுக்க அது 4.8 யூனிட். ஃப்ரிட்ஜ், வைஃபை, தூங்கும் நிலையில் உள்ள பெட்டிகள் எல்லாம் சேர்ந்தது இது. இதற்கு நேரம் குறிக்க முடியாது, குறைக்கத்தான் முடியும், அதனால் நேரம் குறிக்கும் வேலையில் இறங்குவதற்கு முன் இதை ஒரு கை பார்த்துவிடுவது நல்லது.

பிறகு மீட்டரின் கடிகாரத்தைச் சோதியுங்கள். நான் செய்தது இது: மதியம் வீட்டில் வேறு எதுவும் பெரிதாக ஓடாத நேரம் பார்த்து, சரியாக இரண்டு மணிக்கு 2 கிலோவாட் ஹீட்டரைப் போட்டு இரண்டரைக்கு நிறுத்தினேன். மறுநாள் வரைபடத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் கிட்டத்தட்ட 1 யூனிட் உயர்ந்து நிற்க வேண்டும், அதுவும் 2:00 என்று எழுதியிருக்கும் கட்டத்தில். எனக்கு அது 2:30 கட்டத்தில் வந்தது. விசாரித்தால், அந்த ஆப் கட்டத்தின் முடிவு நேரத்தைத்தான் எழுதுகிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் நாடுகளில், சில இடங்களில் அந்த மாற்றத்தைக் கட்டண நேரம் பின்பற்றாது, மாதக்கணக்கில் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கும். இந்தச் சோதனைக்கு அரைமணி போதும், செய்துவிடுங்கள்.

மூன்றாவது: சாதனங்களை நான்காகப் பிரியுங்கள்

விளக்கு, டிவி, கணினி, சமையல் போன்றவை அந்த நேரத்துக்கு அந்த நேரம் வேண்டியவை. இவற்றைத் தொடவே வேண்டாம். பசிக்கும் நேரத்தில் சமைக்காதே என்று சொல்லும் திட்டம் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் மெஷின் போன்றவற்றை நகர்த்தலாம், ஆனால் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தக்கூடாது. கார் சார்ஜ், தண்ணீர் ஹீட்டர், தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் ஆகியவற்றை நகர்த்தவும் செய்யலாம், துண்டு துண்டாகவும் ஓட்டலாம், இவைதான் நமக்குக் கிடைத்த வரம். கடைசியாக ஏசி, ரூம் ஹீட்டர். இவற்றை நிறுத்தினாலும் சுவரும் தரையும் கொஞ்ச நேரம் தாங்கும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் நமக்கு விளையாட்டு.

ஃப்ரிட்ஜை எந்தப் பட்டியலிலும் சேர்க்காதீர்கள். டைமர் போட்டு நிறுத்தினால் உள்ளே வெப்பம் 5 டிகிரிக்கு மேல் ஏறி உணவு கெட ஆரம்பிக்கும், நாளைக்கு மொத்தமே ஒரு யூனிட் போல எடுக்கும் சாதனத்துக்கு அந்த ஆபத்து தேவையே இல்லை.

இப்போது நகர்த்தக்கூடியவற்றுக்கு மட்டும் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: எத்தனை கிலோவாட், எத்தனை மணி நேரம், எப்போதிலிருந்து தொடங்க முடியும், கெடு என்ன. கிலோவாட் சாதனத்தின் பின்னால் உள்ள தகட்டில் இருக்கும். ஆனால் வாஷிங் மெஷின் மாதிரியானவற்றில் தகட்டில் இருப்பது உச்ச அளவு, அது தண்ணீரைச் சூடாக்கும் கொஞ்ச நேரத்துக்குத்தான். உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று தெரிய, மீட்டர் உள்ள பிளக் ஒன்றை மாட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான் வாங்கிய நான்கு பிளக்கில் இன்னும் உழைப்பது அந்த அளக்கும் பிளக் ஒன்றுதான்.

நான்காவது: நேரம் குறிப்பது

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். மாலை 6 முதல் 10 வரை யூனிட் விலை 4 என்று வைத்துக்கொள்வோம், இரவு 11 முதல் காலை 5 வரை 1, மற்ற நேரமெல்லாம் 2. எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் விகிதம்தான் முக்கியம். வீட்டு இணைப்பு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்தான் தாங்கும்.

நகர்த்தக்கூடியவை மூன்று. கார், நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறது, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்துச் சுமார் 7 யூனிட் வேண்டும், 3.5 கிலோவாட்டில் இரண்டு மணி நேரம், கெடு காலை 7. தண்ணீர் ஹீட்டர், 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 4 யூனிட் ஆகும், 2 கிலோவாட்டில் இரண்டு மணி நேரம், கெடு காலை 6. பாத்திரம் கழுவும் மெஷின், 1 யூனிட், சூடாக்கும்போது 2 கிலோவாட் இழுக்கும், கெடு அடுத்த நாள் மாலை. இவை போக வீட்டில் 8 யூனிட் நகர்த்த முடியாதது, அதில் 3 உச்ச நேரத்தில், 5 சாதாரண நேரத்தில்.

எதையும் யோசிக்காமல் மூன்றையும் மாலையில் ஓட்டினால் 12 யூனிட்டுக்கு 48, மற்றதற்கு 12-உம் 10-உம் சேர்த்து 22, மொத்தம் 70. அதுவும் மூன்றும் ஒன்றாக இழுத்தால் 7.5 கிலோவாட், மெயின் பிரேக்கர் விழுந்து வீடே இருட்டாகும்.

நேரம் குறிக்கும் முறை இது. முதலில் அதிக யூனிட் எடுப்பதை எடுங்கள், கெடுவுக்கு முன்னால் கிடைக்கும் மலிவான நேரத்தில் வையுங்கள். அடுத்தது, அதற்கு அடுத்தது என்று போங்கள், ஒவ்வொன்றை வைக்கும்போதும் அந்த நேரத்தில் ஏற்கெனவே இருப்பதோடு கூட்டிப் பார்த்து வீட்டின் வரம்பைத் தாண்டாமல் இருக்கிறதா என்று சரிபாருங்கள். காரை இரவு 11:20-க்கு வைத்தால் 1:20-க்கு முடிகிறது. ஹீட்டரை 3-லிருந்து 5 வரை வைக்கிறோம், ஏன் 1:30-க்கே வைக்கவில்லை என்றால், சூடான தண்ணீர் காத்திருக்கக் காத்திருக்கச் சூட்டை இழக்கும், அதனால் கெடுவுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. பாத்திரம் கழுவும் மெஷினை நள்ளிரவில் வைக்கலாம், ஆனால் நான் வைக்கமாட்டேன். சூடாகும், தண்ணீர் ஓடும் இயந்திரம் எல்லோரும் தூங்கும்போது ஓட வேண்டாம் என்று தீயணைப்புத் துறையினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மறுநாள் பகலில், விலை 2 உள்ள நேரத்தில், யாராவது வீட்டில் விழித்திருக்கும்போது ஓடட்டும். இதனால் செலவில் 1 மட்டும்தான் கூடுகிறது.

இப்போது கணக்கு: கார் 7, ஹீட்டர் 4, மெஷின் 2, நகராத 22. மொத்தம் 35. எழுபதில் சரிபாதி, ஒரு விளக்கைக்கூட அணைக்காமல். உங்கள் வீட்டில் இவ்வளவு குறையுமா என்பது விலை வித்தியாசத்தையும், காரும் பெரிய ஹீட்டரும் இருப்பதையும் பொறுத்தது. அவை இரண்டும் இல்லாத வீட்டில் லாபம் சின்னதாகத்தான் இருக்கும், அந்த வீட்டுக்காரர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சாதனம் சாதனமாகச் சில கவனிப்புகள்

தண்ணீர் ஹீட்டர். நேரம் குறிப்பதற்கு இதைவிட நல்ல சாதனம் கிடையாது, ஏனென்றால் அந்தத் தொட்டியே ஒரு பேட்டரி மாதிரி. ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று வெப்பத்தை 45 டிகிரிக்குக் குறைத்து வைக்காதீர்கள். 20-க்கும் 45-க்கும் இடையில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா தொட்டியில் செழித்து வளரும், குளிக்கும்போது தெறிக்கும் திவலைகள் வழியாக நுரையீரலுக்குப் போகும். 60 டிகிரி வரை சூடாக்குங்கள், குழாயில் வரும்போது குளிர்ந்த நீரைக் கலந்துகொள்ளுங்கள், சின்னக் குழந்தைகள் இருந்தால் கலவை வால்வு ஒன்று போட்டுக்கொள்வது பாதுகாப்பு.

கார். பெரும்பாலான கார்களிலேயே 'புறப்படும் நேரம்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது கெடு வைப்பதேதான், அதைப் பயன்படுத்துங்கள். சார்ஜரிலும் நேரம் குறித்து காரிலும் நேரம் குறித்தால் இரண்டும் ஒன்றையொன்று தடுத்து, காலையில் பார்த்தால் சார்ஜே ஏறியிருக்காது. ஒரே இடத்தில் குறியுங்கள்.

ஏசி. உச்ச நேரம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைத்து அறையைக் குளிர வைத்துவிட்டு, உச்ச நேரத்தில் இரண்டு டிகிரி ஏற்றி வைக்கலாம். மொத்த யூனிட் இதனால் கொஞ்சம் கூடும், செலவு குறையும். ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று போகும், மேல்கூரை கொதிக்கும் வீட்டில் இது பலிக்காது. முன்னால் ஏற்றிய குளிர் அரைமணியில் காணாமல் போய்விடும், யூனிட் கூடியதுதான் மிச்சம். ஒரு சாதாரண வெப்பமானியை அறையில் வைத்து, ஏசியை நிறுத்தியபின் ஒரு டிகிரி ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் என்றால் இடுக்கை அடைக்கும் வேலையை முதலில் பாருங்கள். முதியவர்கள், நோயாளிகள், கைக்குழந்தை இருக்கும் அறையில் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம்.

வாஷிங் மெஷின். இதில் மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. 60 டிகிரியிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்கு மாறினால் வரும் சேமிப்பு நேரம் மாற்றி வருவதைவிடப் பெரிது. ஈரத் துணி உள்ளேயே மணிக்கணக்கில் கிடந்தால் நாறும், அதனால் இதற்குக் கெடு என்பது மெஷின் நிற்கும் நேரம் இல்லை, துணியை எடுக்க ஆள் இருக்கும் நேரம்.

எதை வைத்து இயக்குவது?

முதலில் சாதனத்திலேயே உள்ள 'தாமதித்துத் தொடங்கு' பொத்தானைத் தேடுங்கள். பலருடைய மெஷினில் அது வருடக்கணக்கில் தொடப்படாமல் இருக்கிறது. அதில் முடியும் நேரத்தைக் குறிக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்மார்ட் பிளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நான் 2 கிலோவாட் ஹீட்டரை 10 ஆம்பியர் பிளக் வழியாக ஓட்டினேன். கணக்குப்படி அது 9 ஆம்பியருக்கும் கீழேதான், சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். நான்காம் நாள் காலையில் அறைக்குள் நுழைந்தபோது லேசாக பிளாஸ்டிக் வாடை. பிளக்கைத் தொட்டால் கை பொறுக்காத சூடு, கழற்றிப் பார்த்தால் ஒரு முள்ளைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, சாக்கெட்டின் ஓட்டை ஓரம் இளகி வளைந்திருந்தது. சாக்கெட் பிடிப்பு தளர்ந்திருந்திருக்கிறது. ஐந்து நிமிடம் ஓடும் கெட்டிலுக்கு அது தெரியாது, இரண்டு மணி நேரம் விடாமல் ஓடும் ஹீட்டருக்குத் தெரிந்துவிடும். அது விடியற்காலை மூன்று மணிக்கு நடந்துகொண்டிருந்தது, நாங்கள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து என் விதி: ஹீட்டர், ஏசி, கார், மோட்டார் எதுவாக இருந்தாலும் எலக்ட்ரீஷியனை அழைத்து, மின்பெட்டிக்குள் கான்டாக்டரோடு (பெரிய சாதனங்களின் மின்சாரத்தைத் தாங்கும் சுவிட்ச்) சேர்ந்த டைமர் போடுவது, பிளக் வேண்டாம், நீட்டிப்பு ஒயர் வேண்டவே வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றும் இருக்கட்டும்.

வீடு முழுவதையும் ஒன்றாகப் பார்த்துத் தானே நேரம் குறிக்கும் ஆற்றல் மேலாண்மைக் கருவிகளும் இருக்கின்றன. வெவ்வேறு நிறுவனச் சாதனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவான 'மேட்டர்' என்ற பொதுத்தரத்தில் 2024-இல் வந்த 1.3 பதிப்பிலிருந்து மின்செலவு அறிவிப்பும் கார் சார்ஜரும் சேர்ந்திருக்கின்றன. கையால் குறித்து மூன்று மாதம் ஓட்டிய பிறகு இவற்றை யோசிக்கலாம். உங்கள் வீட்டின் கெடுக்கள் உங்களுக்கே தெரியாதபோது எந்தக் கருவியாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சோலாரும் பேட்டரியும் இருந்தால்

சோலார் உள்ள வீட்டில், நீங்கள் கட்டமைப்புக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கு வாங்கும் விலையே கழிக்கிறார்கள் என்றால், பகலுக்கு நகர்த்துவதால் பில்லில் பெரிய மாற்றம் இருக்காது. கொடுப்பதற்குக் குறைந்த விலைதான் என்றால், நண்பகல்தான் உங்கள் மலிவு நேரம், ஹீட்டரையும் முடிந்தால் காரையும் அங்கே கொண்டுவாருங்கள். மேகம் வந்தால் என்ன என்று கவலைப்பட வேண்டாம், கெடு மாலையில் இருந்தால் மேகம் விலகியபின் பிற்பகலில் இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது.

பேட்டரியில் பத்து யூனிட் போட்டால் திரும்பக் கிடைப்பது ஒன்பது போல. அந்த இழப்பு, பேட்டரியின் தேய்மானம் இரண்டையும் தாண்டி விலை வித்தியாசம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். காசு செலவில்லாமல் கெடுவை நகர்த்தி முடித்த பிறகு மீதி என்ன இருக்கிறது என்று பார்த்தால், பலருக்கு நினைத்ததில் பாதி அளவு பேட்டரியே போதுமானதாக இருக்கும்.

எல்லோரும் 11:00-க்குத் தொடங்கினால்?

மேலே காரை 11-க்கு வைக்காமல் 11:20-க்கு வைத்தேன், கவனித்தீர்களா? மலிவு நேரம் தொடங்கும் நிமிடத்தில் ஒரு பகுதியின் எல்லா வீடுகளும் காரையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால், மாலை உச்சத்தை இரவு உச்சமாக மாற்றியதுதான் நடக்கும், தெருவின் டிரான்ஸ்ஃபார்மருக்கு இரவிலும் ஓய்வு கிடைக்காது. அந்தக் கவலையால்தான் பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் விற்கும் வீட்டு கார் சார்ஜர்களில், தொடங்கும்போது 10 நிமிடம் வரை ஏதோ ஒரு தாமதம் தானாகச் சேரும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். உங்கள் சார்ஜரில் அது இல்லாவிட்டால் நீங்களே ஒரு ஒழுங்கற்ற நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள், 11:23, 12:47 என்று எதுவாக இருந்தாலும் சரி. பில்லில் ஒன்றும் கூடாது, மற்றவர்களுக்கும் சேர்த்துச் செய்யும் நல்ல காரியம்.

வீட்டில் உள்ளவர்களோடு பேசுங்கள்

இதைக் கடைசியில் எழுதினாலும் முதல் நாளே செய்ய வேண்டியது. கெடுக்களை நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதினால் தப்பாகத்தான் எழுதுவீர்கள். யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள், யாருக்கு எப்போது கார் வேண்டும் என்பது அவரவருக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் ஒருநாள் திடீரென்று விடியற்காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது, ஹீட்டர் பாதிதான் சூடாகியிருந்தது, வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு டைமர் பெட்டியின் பக்கத்திலேயே நேரத்தை மீறிப் போடும் சுவிட்ச் ஒன்று வைத்து, அதை எப்படி அழுத்துவது என்று எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தோம். அந்த சுவிட்ச் இல்லாமல் எந்தத் திட்டத்தையும் தொடங்காதீர்கள்.

மீட்டரின் அரைமணிப் பதிவைப் பார்ப்பவருக்கு நீங்கள் எப்போது எழுகிறீர்கள், எப்போது வீட்டில் ஆளில்லை என்பதெல்லாம் தெரியும். சேமித்துத் தருகிறோம் என்று கேட்கும் ஒவ்வொரு ஆப்புக்கும் அதைத் திறந்துவிடாதீர்கள், பயன்படுத்தாத ஆப்பின் அனுமதியை நீக்கிவிடுங்கள்.

ஒரு மாதம் ஓடியதும் பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், திங்களைத் திங்களோடு, ஞாயிறை ஞாயிறோடு. மாலைக் கோபுரம் குட்டையாகியிருக்க வேண்டும், இரவில் இரண்டு சின்ன மேடுகள் வந்திருக்க வேண்டும். மேடு தவறான இடத்தில் இருந்தால் முதலில் டைமரின் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி இல்லாத டைமர் ஒவ்வொரு மின்தடைக்கும் அவ்வளவு நேரம் பின்தங்கும், மூன்று தடவை அரைமணி கரண்ட் போயிருந்தால் உங்கள் ஐந்து மணி ஹீட்டர் ஆறரைக்குத்தான் நிற்கும்.